மே.படி

இரண்டு மாதமாகக் கோகுல்நாத்துக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. மாத்திரை போட்டால் அடங்குகிற எரிச்சல் இல்லை. மனைவி சிரிப்பதால் வருகிற எரிச்சல். இதற்கு எந்த மெடிக்கல் ஷாப்பிலும் மருந்து கிடையாது.

மைதிலி சிரித்தால் உனக்கு என்ன குறைச்சல் என்று அவனை யாராவது கேட்டிருக்கலாம். கேட்கத்தான் ஆள் இல்லை. அவள் சிரிப்பதில் அவனுக்கு ஆட்சேபணையும் இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, லேப்டாப்பைப் பார்த்தபடி, “ஐயோ, வந்துருச்சுடா எழில்! வெக்டரா வந்துருச்சு!” என்று துள்ளித் துள்ளிச் சிரிக்கிறாளே, அதுதான் ஆகவில்லை. கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவன் சொன்ன எதற்கும் அவள் துள்ளியதில்லை. துள்ளும்படி அவன் எதுவும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்.

அவர்கள் வீடு ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால், மூன்றாவது மாடியில். கோகுல்நாத் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவன் எழுதிய கோடில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அதில் கெட்டிக்காரன். டெவலப்பர்கள் அவன் பெயரை மெயிலில் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள், அது அவனுக்குப் பெருமை. மைதிலி கரூர்ப் பெண், எம்.எஸ்சி. புள்ளியியல். மகள் நிஷா பிறந்ததும் வேலையை விட்டவள், நிஷா மூன்றாம் வகுப்பு வந்த பிறகு பூந்தமல்லியில் ஒரு டிரஸ்டில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனிகளுக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற டிரஸ்ட் அது. அம்பத்தூர், ஆவடி, வேப்பம்பட்டு என்று அங்கங்கே காப்பகங்கள் உண்டு. ஒவ்வொரு காப்பகத்து அக்காவும் மாதம் ஒருமுறை குழந்தைகளை எடை போட்டு, போனிலிருந்தே ஆன்லைன் ஷீட்டில் ஏற்றிவிடுவார். ஒரு குழந்தைக்கு ஒரு வரிசை, ஒரு மாதத்துக்கு ஒரு பத்தி, இரண்டும் சந்திக்கிற கட்டம் ஒரு செல். எந்தக் குழந்தைக்கு எடை போதவில்லை என்று பார்த்துச் சொல்வது மைதிலியின் வேலை. அவள் சொல்கிற பெயர்களுக்குத் தினமும் முட்டையும் சத்துமாவுக் கஞ்சியும் கூடுதலாகப் போகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் முதலில் கேட்டது புருஷனைத்தான். இதை மறந்துவிடக்கூடாது. கோகுல்நாத் மறந்துவிட்டான்.

“ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன். ஷீட்டுல இருந்து கோட் வழியா எடுத்தா ஒவ்வொரு எடையும் தனித்தனிப் பெட்டியில வருது. எந்த வரிசை, எந்தப் பத்தி, என்ன மதிப்பு, எல்லாம் மேல ஒட்டிக்கிட்டு, கொரியர் பார்சல் மாதிரி. எனக்கு விலாசமெல்லாம் வேண்டாம். உள்ள இருக்கற எடை மட்டும் வரிசையா, ஒரே வெக்டரா வேணும். அப்பத்தான் கணக்குப் போட முடியும். எப்படிங்க பிரிக்கறது?”

அவள் எழுதிய மொழி அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் குடி முழுகிப் போயிருக்காது. அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, “ஈசி. ஷீட்டோட லிங்க்கை எனக்கு அனுப்பிவை. சண்டே பார்க்கலாம்” என்றான்.

அவள் அன்றே லிங்க்கை அனுப்பினாள். தான் திருத்துகிற மாதிரியே அவனும் திருத்தலாம் என்று அனுமதியும் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் இருந்தது. அடுத்த ஞாயிறு வண்டியை சர்வீஸ் விட வேண்டியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறு கறி கொஞ்சம் அதிகமாகிவிட்டதில் தூக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் அவன் அதையே சொன்னான். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். எழில் வந்துவிட்டதுதான் காரணம்.

எழில் டிரஸ்டில் இன்னொரு ஆள், ஆன்லைனில் கோட் கற்றுக்கொண்ட ஆள் என்பது மட்டும்தான் கோகுல்நாத்துக்குத் தெரியும். போனில் காரசாரமாக ஏதோ பேசினார்கள், சண்டை போட்டார்கள், கடைசியில் பெட்டிகள் பிரிந்து எடைகள் வரிசைக்கு வந்தன. மைதிலி துள்ளியது அன்றைக்குத்தான். அதன்பின் தினமும் “சொல்லுடா எழில்”, “போடா எழில்”, “நீ இல்லேன்னா செத்தேன்டா எழில்”. கோகுல்நாத் டிவி சத்தத்தைக் கூட்டினான். அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்ச் சிரித்தாள்.

‘டா’வாம். அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மாலை பூந்தமல்லியில் தங்கராஜ் கடையில் போய் உட்கார்ந்தான். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒன்றாக வளர்ந்தவர்கள், இரண்டு பேரின் அப்பாக்களும் ஒரே ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள். தங்கராஜ் இப்போது டிரங்க் ரோட்டில் கார் சீட் கவர் கடை வைத்திருக்கிறான்.

“இன்னா மச்சான், மூஞ்சி ஏன் இப்டி உப்பிக்கினு கீது?”

“ஒண்ணுமில்லடா.”

“ஒண்ணுமில்லன்றவன் இந்நேரத்துல ஊட்டுக்குப் போவாம இங்க இன்னாத்துக்கு வந்து குந்திக்கினு கீறான்? ஊட்ல எதுனா பிரச்சனையா?”

கோகுல்நாத் கடையின் ரெக்சின் சுருளைக் கிள்ளிக்கொண்டே சொன்னான். “மைதிலிக்கு ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்டு. எழில்னு.”

“எழிலா? ஆம்பளையா, பொம்பளையா?”

அதுதான் அவனுக்கே தெரியாது. போனில் எழிலின் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. “டா போட்டுக் கூப்பிடறா” என்றான்.

“அட போ நைனா. என் பொண்டாட்டி என் பொண்ணயே வாடா போடான்னுதான் கூப்ட்றா. அத்த வெச்சு இன்னா சொல்றது? நேரா போய்ப் பாத்துட்டு வா. சீட் கவரே வண்டியப் பாக்காம நான் அளவு சொல்ல மாட்டேன்.”

டிரஸ்ட் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், மருந்துக் கடை மாடியில் இருந்தது. மனைவியைக் கூட்டிப்போக வந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு படி ஏறினான். எதிரே ஒரு பெண் இறங்கிவந்தாள். தோளில் லேப்டாப் பை, ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் பாதி கடித்த சமோசா. பின்னாலேயே மைதிலி வந்து, “ஏங்க, நீங்க எங்க இங்க? இதுதான் எழில்!” என்றாள்.

“கோகுல் அண்ணாவா? அக்கா உங்களப் பத்தி சொல்லிட்டே இருப்பாங்கண்ணா. தப்புக் கண்டுபிடிக்கறதுல நீங்க பெரிய ஆளாமே! எங்க கோடையும் ஒருநாள் பாத்து நாலு திட்டு திட்டுங்கண்ணா” என்று எழில் சிரித்தாள்.

அவனுக்கு உயிர் வந்தது. வண்டியில் வரும்போது ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தான். அந்த நிம்மதி குமணன்சாவடி சிக்னல் வரைக்கும் இருந்தது. சிக்னலில் நிற்கும்போது பின்சீட்டிலிருந்து மைதிலி, “எழில் செம ஜாலியான பொண்ணுங்க. அவகூட பேசினா மூளைக்குள்ள விளக்குப் போட்ட மாதிரி இருக்கும்” என்றாள். மறுபடியும் எரிய ஆரம்பித்துவிட்டது.

சொல்லப்போனால் முன்பைவிட மோசமாக எரிந்தது. எழில் ஆணாக இருந்திருந்தால் ஒரு வழி உண்டு. கத்தலாம், சாப்பிடாமல் படுக்கலாம், கரூருக்குப் போன் போட்டு மாமியாரிடம் நியாயம் கேட்கலாம். ஊர் உலகம் அவன் பக்கம் நின்றிருக்கும். ஒரு பெண்ணிடம் கோட் பேசிச் சிரிக்கிறாள் என்று யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? தங்கராஜே வழித்துக்கொண்டு சிரிப்பான். ஆக, பொறாமைப்படுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாத பொறாமை அவனுக்கு வாய்த்தது. மூளைக்குள் விளக்காம். இவ்வளவு நாள் வீட்டில் என்ன இருட்டிலா உட்கார்ந்திருந்தாள்?

திங்கட்கிழமை டிரஸ்டில் மீட்டிங் என்று ஆயிற்று. டிரஸ்டை நடத்துகிற ஜெகதாம்பாள் அம்மாவின் முன்னால் மைதிலி தன் கோடை ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் வருகிற பெயர்களுக்குத்தான் வரும் மாதத்திலிருந்து முட்டையும் கஞ்சியும். சரியாக அமைந்தால் அவளை முழுநேர வேலைக்கு எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அந்த வாரம் முழுக்க அவள் தோசை வார்க்கும்போதுகூட வெக்டர், வெக்டர் என்று முனகிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை நிஷாவை செஸ் வகுப்புக்கு அழைத்துக்கொண்டு மைதிலி போனாள். சாப்பாட்டு மேஜையில் அவள் லேப்டாப் திறந்தபடியே இருந்தது. திரையில் பெயர்களும் எடைகளும். கோகுல்நாத் அதைப் பார்க்கவில்லை. பார்க்காதவன் மாதிரி இரண்டு தடவை அதைச் சுற்றி நடந்தான். பிறகு தன் லேப்டாப்பை எடுத்து, மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த அந்த மெயிலைத் தேடி, லிங்க்கை முதன்முதலாகத் திறந்தான்.

உதவி செய்யத் திறந்தான் என்று நினைக்கவேண்டாம். ஷீட்டின் ஓரத்தில் மைதிலியும் எழிலும் எழுதிக்கொள்கிற கமெண்ட்டுகளைப் படிக்கத் திறந்தான்.

நிறைய இருந்தன. வேடிக்கைதான் அதிகம். ‘இந்த செல்லுல எடைக்குப் பதிலா யாரோ போன் நம்பர் போட்டுருக்காங்க, குழந்தை தொள்ளாயிரம் கோடி கிலோ’ என்று எழில். அதற்கு மைதிலி வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். கோகுல்நாத் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே கீழே போனான். ஓரிடத்தில் நின்றான்.

ஆவடி காப்பகத்தில் பஞ்சவர்ணம் என்று ஒரு அக்கா. அவர் சில செல்களில் எண்ணுக்குப் பதில் ‘மே.படி’ என்று அடித்திருந்தார். பழைய ஆபீஸ் பழக்கம், மேற்படி என்பதன் சுருக்கம். அந்த செல்லில் மைதிலியின் கமெண்ட்: ‘இதை என்ன பண்றதுடா? வெக்டர்ல எண்ணுக்கு நடுவுல எழுத்து வந்து உட்காருது.’ எழிலின் பதில்: ‘மே.படின்னா மேல உள்ளபடிதானேக்கா? மேல இருக்கற செல்லோட எடைய எடுத்துப் போட்டுருங்க, ஒரே வரி கோட்.’ மைதிலி: ‘நீ தெய்வம்டா.’

தெய்வத்தைப் பார்க்கிற மாதிரியே கோகுல்நாத் அந்த செல்லைப் பார்த்தான். அதன்மேல் க்ளிக் செய்தான். மோனிஷா என்கிற குழந்தையின் வரிசை. அதற்கு மேல் வரிசையில் அஜித்குமார் என்கிற பையன், பதினைந்து கிலோ. மோனிஷாவுக்குப் போன மாதம் ஒன்பது, அதற்கு முந்தின மாதமும் ஒன்பது. இந்த மாதம் ‘மே.படி’.

தொழில் புத்தி விழித்துக்கொண்டது. பஞ்சவர்ணம் சொன்ன மேற்படி, மேலே உள்ள அஜித்குமார் இல்லை. முன்னே சொன்னபடி, போன மாதம் போலவே. அதாவது இடப்பக்கத்து செல். அவன் நாற்காலியை இழுத்து மைதிலியின் லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். அவள் கோட் ஒரு மாதத்துப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாக உருவி வெக்டர் ஆக்கியிருந்தது. விலாசத்தைக் கிழித்துப் போட்ட பிறகு அந்த ‘மே.படி’க்குத் தன் இடப்பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எப்படித் தெரியும்? மேலே இருந்தவனின் எடையை வாங்கிக்கொண்டது. மைதிலியின் திரையில் மோனிஷா பதினைந்து கிலோவில் கொழுகொழுவென்று இருந்தாள். எடை போதாத குழந்தைகளில் அவள் பெயர் இல்லை. முட்டையும் கிடையாது, கஞ்சியும் கிடையாது. பஞ்சவர்ணத்தின் காப்பகத்தில் இப்படி இன்னும் சில குழந்தைகள்.

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் வயிறு குளிர்ந்தது. மனிதன் சந்தோஷப்பட வேண்டிய இடமா அது? அவன் பட்டான். அந்த செல்மேலேயே உட்கார்ந்துகொண்டு, ஆசை தீர அதைப் பார்த்தான். தப்பு எழிலுடையது. விளக்குப் போடுகிறவள் போட்ட லட்சணம் இது. திங்கட்கிழமை ஜெகதாம்பாள் அம்மா கேட்பார், ஒரு மாதத்தில் ஒரு பிள்ளைக்கு ஆறு கிலோ ஏறுமா என்று. எழில் முழிப்பாள். மைதிலி கலங்கிப்போய் வீட்டுக்கு வருவாள். அப்போது அவன் நிதானமாக, “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மைதிலி” என்பான். அந்த வசனத்தை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தான். இரண்டாவது விதம் நன்றாக இருந்தது.

மோனிஷாவைப் பற்றி நினைக்கவே இல்லையா என்றால், நினைத்தான். திங்கட்கிழமைக்குப் பிறகு எப்படியும் சரியாகிவிடும் என்று அந்த நினைப்பைத் தட்டிவிட்டான். ஷீட்டை மூடிவிட்டுக் குளிக்கப் போனான்.

மைதிலி வரும்போது முகம் பளபளவென்று இருந்தது. செஸ்ஸில் நிஷா ஜெயித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். நிஷா தோற்று அழுதுகொண்டே வந்திருந்தாள். மைதிலி நேராக அடுப்படிக்குப் போய்ப் பூரிக்கு மாவு பிசைந்தாள். பூரி கிழங்கு அவனுக்குப் பிடிக்கும். சனிக்கிழமை மதியத்தில் யாரும் பூரி போடுவதில்லை. ஆனாலும் போட்டாள், உப்பலாக ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள், எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்தாள்.

“என்னங்க, ஏதாவது சொல்லணுமா?”

“என்ன சொல்லணும்?”

“சும்மாதான் கேட்டேன்.”

“கிழங்குல உப்பு கம்மி” என்றான்.

மறுநாள் ஞாயிறு. அவனே தள்ளித் தள்ளிப் போட்ட ஞாயிறு. காலையில் காபியைக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நாளைக்கு மீட்டிங். ஒருதடவை நீங்க பாத்துட்டு, தப்பு இருந்தா சொல்றீங்களா?”

நேராகவே கேட்டுவிட்டாள். நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் போனில் சாம்பல் பூனை மினுங்கியது. கோகுல்நாத் காபியை ஒரு மடக்கு குடித்தான். “அதான் எழில் பாத்துட்டாங்கல்ல. அதுக்கப்புறம் நான் எதுக்கு?”

மைதிலி போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எழுந்துபோய் லேப்டாப்பைத் திறந்துகொண்டாள். சாயங்காலம் வரை மூடவில்லை. அன்றைக்கு அவள் பால்கனிக்குப் போகவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நாளை பேசவேண்டியதற்கு ஒத்திகை பார்க்கிறாள் என்று நினைத்தான்.

திங்களன்று அரை நாள் லீவு போட்டான். உன்னைக் கொண்டுபோய் விடுகிறேன், அப்படியே பார்த்துவிட்டும் வருகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. வழியெல்லாம் மெட்ரோ வேலைப் புழுதி, வண்டிகள் ஊர்ந்தன. அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை.

மீட்டிங் ஹாலில் கடைசி நாற்காலி அவனுக்குக் கிடைத்தது. ஜெகதாம்பாள் அம்மா முன்வரிசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காப்பகத்து அக்காக்கள் ஒரு பக்கம், எழில் சுவரில் சாய்ந்துகொண்டு. மைதிலி எழுந்து நின்றாள். குரல் முதலில் நடுங்கியது, பிறகு தெளிந்தது. ஷீட்டிலிருந்து செல்கள் எப்படி வருகின்றன, அவற்றைப் பிரித்து வெக்டராக எப்படி வைக்கிறோம் என்று எல்லாருக்கும் புரியும்படி சொன்னாள். கோகுல்நாத் முன்னால் குனிந்து உட்கார்ந்தான். எப்போது விழும், எப்போது விழும் என்று காத்திருந்தான்.

“இதுல நாங்க ஒரு பெரிய தப்பு பண்ணியிருந்தோம்” என்றாள் மைதிலி.

அவன் நிமிர்ந்தான்.

“மே.படின்னு எழுதியிருந்தா மேல இருக்கற குழந்தையோட எடையைப் போட்டுட்டோம். பஞ்சவர்ணம் அக்கா எழுதினது போன மாசம் மாதிரியேன்னு. பக்கத்துல பாக்கவேண்டியத மேல பாத்துட்டோம். நேத்து முழுக்க உட்கார்ந்து மாத்தினேன். பத்தி பத்தியா எடுக்கறத விட்டுட்டு இப்ப ஒவ்வொரு குழந்தையோட வரிசையையும் தனி வெக்டரா எடுக்கறோம். மோனிஷா பேரு இப்ப உள்ள வந்துருச்சு. இன்னும் நாலு குழந்தைங்க வந்திருக்காங்க.” அவள் கடைசி நாற்காலிப் பக்கம் பார்த்தாள். “இந்தத் தப்பக் கண்டுபிடிச்சது நான் இல்ல, எழிலும் இல்ல. என் வீட்டுக்காரர். அவர் கோகுல்நாத், பின்னாடி உட்கார்ந்திருக்கார்.”

எல்லாரும் திரும்பினார்கள். ஜெகதாம்பாள் அம்மா முதலில் கை தட்டினார், பிறகு அறை முழுக்கத் தட்டியது. “நல்ல காரியம் பண்ணீங்க தம்பி. அஞ்சு பிள்ளைங்க விட்டுப்போயிருக்கும்” என்றார் அவர். பஞ்சவர்ணம் எட்டிப் பார்த்து, “அப்போ இனிமே மே.படி போடக்கூடாதா சார்?” என்று கேட்டார். எழில் நெற்றியில் அடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். “என் மரமண்டைக்கு எட்டவே இல்லண்ணா! தேங்க்ஸ்ணா, தேங்க்ஸ்!”

தன் தப்பு ஊரறியத் தெரிந்த பிறகும் எழிலால் சிரிக்க முடிந்தது. கோகுல்நாத்தோ கைதட்டலுக்கு எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து, பாதியில் நின்று, மறுபடியும் உட்கார்ந்தான்.

திரும்பி வரும்போது மைதிலி பின்சீட்டில் தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் கை வழக்கமாக அவன் தோளில் இருக்கும், இன்று சீட்டின் பின்கம்பியில் இருந்தது. குமணன்சாவடி சிக்னலில் சிவப்பு, வண்டி நின்றது. அவனால் தாங்க முடியவில்லை.

“நான்தான்னு உனக்கு எப்படி...”

“செஸ் கிளாஸ் வாசல்ல உட்கார்ந்துகிட்டு போன்ல ஷீட்டைத் திறந்தேன். மோனிஷா செல்லுல பச்சைக் கட்டம் நின்னுச்சு. மேல உங்க பேரு.”

ஆன்லைன் ஷீட்டில் யார் எந்தக் கட்டத்தில் நிற்கிறார்கள் என்று அடுத்தவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற விஷயம், டெஸ்டருக்குத் தெரியாமல் இல்லை. அன்று அவன் கண்ணுக்கு எழிலின் தப்பைத் தவிர வேறெதுவும் படவில்லை, அவ்வளவுதான்.

“எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?” அவள் குரல் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. “நான் அனுப்பின லிங்க்கைக் கடைசில திறந்துட்டீங்கன்னு. எழிலுக்கு உடனே மெசேஜ் போட்டேன், எங்க வீட்டுக்காரர் பாக்கறாருடான்னு. கட்டம் நகரவே இல்ல. ஏன் அங்கயே நிக்கறீங்கன்னு நானும் அந்த செல்லையே பாத்தேன். அப்பத்தான் எனக்கும் புரிஞ்சுது. வீட்டுக்கு வந்ததும் சொல்லுவீங்கன்னுதான் பூரி போட்டேன்.”

அவன் திரும்பிப் பார்க்காமலே கேட்டான். “அப்ப அங்க ஏன் என் பேரைச் சொன்ன?”

“நீங்கதானே கண்டுபிடிச்சீங்க. அது உண்மைதானே.” அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம். அஞ்சும் சின்னக் குழந்தைங்க.”

சிக்னல் பச்சையாகிவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவனுக்கு வண்டியை எடுக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். மைதிலிக்கு முழுநேர வேலை கிடைத்தது. காபி வந்தது, டிபன் வந்தது, நிஷாவின் ஃபீஸ் பற்றிப் பேச்சு வந்தது. வெக்டர் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அவள் சிரித்தாள், பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டு. முன்பெல்லாம் அந்தச் சிரிப்பு அவன் வயிற்றை எரிக்கும். இப்போதும் எரித்தது, ஆனால் இப்போது எழிலின்மேல் பழியைப் போட முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தச் சிரிப்பு முதலில் தன் வாசலுக்குத்தான் வந்தது, சண்டே வா என்று சொல்லித் திருப்பி அனுப்பியவன் தானே என்பது அவனுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. எவள்மேலோ பட்ட பொறாமை, தனக்கு வந்ததைத் தானே தட்டிவிட்ட ஏக்கமாக மாறி உறுத்தியது.

அடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, ஆபீஸிலிருந்து வந்தவன் சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். மோனிஷாவுக்கு எடை ஏற ஆரம்பித்துவிட்டதா என்று பார்ப்போம், இந்தத் தடவை நிஜமாகவே ஏதாவது தப்பிருந்தால் ஓடிப்போய்ச் சொல்வோம் என்று நினைத்தான். பழைய மெயிலைத் தேடி லிங்க்கை அழுத்தினான்.

ஷீட் திறக்கவில்லை. இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. கீழே ஒரு நீலப் பட்டன், அனுமதி கேட்பதற்கு.

அடுப்படியில் மைதிலி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கும் சத்தம் கூடம் வரை கேட்டது. எழுந்துபோய் நேரில் கேட்க இருபதடிகூட இல்லை. அவனுக்குக் கால் வரவில்லை. பட்டனை அழுத்தினான்.

அடுப்படியில் அவள் போன் டிங் என்றது. நறுக்கும் சத்தம் நின்றது. அவள் கையைத் துடைத்துக்கொள்வதும், போனை எடுப்பதும், மறுபடி மேடைமேல் வைப்பதும் கேட்டது.

“என்னங்க,” என்று கூப்பிட்டாள். கோபமே இல்லாத குரல்.

“சொல்லு மைதிலி.”

“சண்டே பார்க்கலாம்.”

அவள் திரும்பவும் பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தாள்.